நிழல் இல்லாத விமானம்

1. நான், திருவனந்தபுரம் வலியசாலையில் வசிக்கும் வழக்கறிஞரும் நோட்டரியுமான கே. சுப்பிரமணியன்; மறைந்த ஹரிஹரனுக்கு இருபத்தாறு ஆண்டுகளாக அடுத்த வீட்டுக்காரன்.

2. நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். ஒரு தொலைபேசி உரையாடலின் மறுமுனையை மட்டும் அவர் மகள் கோமதி சொல்லி அறிந்தேன்.

செய்தி வந்தபோது நீதிமன்ற வளாகத்தில் இருந்தேன். விடுப்பில் வந்திருந்த கோமதிதான் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டார். காப்பியைக் குடிச்சுட்டு டம்ளரைக் கீழே வெச்சார், அவ்வளவுதான்." கையிலிருந்த பத்திரத்தில் முத்திரை வைக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

இந்த இரங்கலைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை நில அளவை அலுவலகத்து வரைவாளராகத் தெரியும். ஓய்வு பெற்றபின் அவர் செய்துவந்தது பலருக்குத் தெரியாது. கணினியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து ராணுவ விமானங்களைத் தேடுவார். ஓடுதளத்தின் ஓரம் நிற்பதைப் பெரிதாக்கி, மனையை அளப்பது போல இறக்கையை முனைக்கு முனை அளப்பார். வாலின் உயரம் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. அதைத் தரையில் விழுந்த நிழலில் பார்ப்பார். "மேலேந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரியாக்கும். நிழலைப் பாரும் ஓய், ஜாதகமே தெரியும்" என்பார்.

எனக்கு அது உவப்பாக இல்லை. பொதுவில் கிடைக்கும் படமே ஆனாலும், அளந்து பட்டியலிட்டால் சட்டத்தின் பார்வை மாறக்கூடும். எதையும் எழுதி வைக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று எச்சரித்தேன்.

"சாரப்பணி பண்ற மூஞ்சியா ஓய் இது?"

"வேவு பார்த்தாரா என்றுதான் சட்டம் கேட்கும். மூஞ்சியைப் பார்க்காது."

அவர் விமானங்களைத் தேடும் காரணம் பிறகுதான் புரிந்தது. கோமதி அவர் சொல்லை மீறி விமானப்படையில் பொறியாளராகச் சேர்ந்திருந்தாள். நான்கு ஆண்டுகளாக அவர் அவளோடு பேசவில்லை. மனைவி பகவதி அம்மாள் அடுக்களையில் நின்று மகளோடு பேசும்போது இவர் கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். ஆனால் காலையில் கணினியைத் திறந்தால் முதலில் பார்ப்பது அவள் பணிபுரியும் தளத்தைத்தான். ஒரு நாள் வரிசையாக நின்ற நான்கு விமானங்களைக் காட்டினார்.

"இதுல ஏதாவது ஒண்ணை அவ நோக்கிண்டிருப்பா."

"படம் எடுத்த நாளில் அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு ஆதாரம் இல்லையே."

"நீர் மிண்டாம இரும்" என்று என் வாயை அடைத்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை. மேல்துண்டுகூட இல்லாமல் என் வாசலுக்கு ஓடி வந்தார். "வக்கீலே, விழுந்துடுத்து!"

அவர் வீட்டுக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். அந்தத் தளத்துக்கு அருகில் அடர்ந்த காடு. மரங்களின் மேல் ஒரு முழு விமானம், இறக்கை ஒடியாமல் கிடந்தது. அளந்துவிட்டாராம், அவள் பராமரிக்கும் வகைதான்.

படத்தின் தேதி என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சரிபார்க்கும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், உரிய அதிகாரிக்கு நான் மனு எழுதுகிறேன் என்று சொல்லிக் காகிதத்தை எடுத்தேன். 'மனுதாரர்: ஹரிஹரன்' என்று எழுதி முடிப்பதற்குள், அவர் மனைவியின் கைப்பேசியைப் பிடுங்கி எண்ணை அழுத்திவிட்டிருந்தார்.

"கோமு, நீ எங்கே இருக்கே? விழுந்தது உன்னோடதா?"

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அப்பாவின் குரல். அம்மாவின் எண்தானா என்று கைப்பேசியைப் பார்த்தாளாம் கோமதி. திரையில் இருப்பதை அவர் விவரித்ததும் அவள் கேட்டாளாம்:

"அப்பா, அதுக்குப் பக்கத்துல நிழல் இருக்கா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இல்லையேடி."

"அப்ப அது தரையில இல்லே. பறந்துண்டிருக்கு. ஓரத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு கோடு தெரியறதா? ஓடிண்டிருக்கறதுக்குத்தான் அப்படி விழும்."

"ஆமாம்" என்றார். வாழ்நாளெல்லாம் நிழலைப் பார்த்தவர், அன்று அதைப் பார்க்க மறந்திருந்தார். பிறகு, "சாப்பிட்டயோ?" என்று கேட்டார். பகவதி அம்மாள் தொலைக்காட்சியை அணைத்தார்.

படம் மூன்று ஆண்டுகள் பழையது என்பதை நான் கண்டுபிடித்துச் சொன்னேன். கேட்க அங்கே ஆள் இல்லை.

அதன்பின் விடுப்பில் வரும்போதெல்லாம் கோமதி அவரோடு திரையின் முன் உட்காருவாள். எந்த விமானத்தைக் காட்டிக் கேட்டாலும், "அதெல்லாம் சொல்லப்படாதுப்பா" என்பாள். "ஒரு வார்த்தை விடமாட்டேங்கறா ஓய். உம்மைப் போல இன்னொரு கல்லுளிமங்கி!" என்று தெரு முழுக்கப் பெருமையடித்தார்.

அந்தக் காலை நான் சொன்ன ஆலோசனை, சட்டப்படி பிழையற்றது. அவர் அதைக் கேட்டிருந்தால் மதியத்துக்குள் தேதி தெரிந்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்றாகியிருக்கும். அவரும் தொலைபேசியைத் தொட்டிருக்க மாட்டார். ஆதாரம் முழுவதும் தவறாக இருந்தும், அவர் செய்தது சரியாக இருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவர் பெயரோடு நின்றுபோன அந்த மனுவை. என் கோப்புகளில் முடிக்காத மனு அது ஒன்றுதான். அதை முடிக்கப்போவதில்லை.

(ஒப்பம்)
கே. சுப்பிரமணியன்

சாட்சிகள்:
பகவதி, மனைவி
கோமதி, மகள்