போதும் என்று சொல்லும் இடம்

சங்கராந்திக்கு எங்கள் ஈஜிபுரா தெருவில் கன்னடக்காரர் வீட்டுப் பெண் குழந்தைகள் வீடு வீடாகப் போய் எள்ளு பெல்லா கொடுப்பார்கள். எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை கலந்த பொட்டலம், கூடவே ஒரு சர்க்கரை அச்சு. நாங்கள் பொங்கல் வைக்கிறவர்கள்தான். ஆனாலும் ஆறு வயது மகள் ஆசைப்பட்டாள் என்று என் மனைவி பன்னிரண்டு பொட்டலம் கட்டி, பட்டுப் பாவாடை உடுத்திவிட்டு அனுப்பினாள்.

ஒரு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். தேடிப் போனால் மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடி நிறையக் கிழித்த காகிதம். கையில் கடைசிப் பொட்டலம். வீட்டுக்கார அம்மாள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. பளாரென்று ஓர் அறை விட்டேன்.

"பசிச்சுதுப்பா" என்றாள். காலையில் இரண்டு தட்டு பொங்கல் தின்றவள்.

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் கத்தினேன். "எல்லாம் நீ குடுத்த செல்லம்! வயிறா அது, கெணறா?"

அவள் மகளின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். திருப்பிப் பேச அவளிடம் நிறைய இருந்தது. பிறந்தபோது குழந்தைக்குப் பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லை. ஈரத் துணி மாதிரி துவண்டு கிடந்தவளைப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டித் தேற்றியவள் அவள்தான். மூன்று வயதில் மகள் முதன்முதலாக "இன்னும்" என்று தட்டை நீட்டிய அன்று, பூரித்துப்போய் எதிர்வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சங்கராந்திக்கு அப்புறம், பள்ளியில் மற்ற பிள்ளைகளின் டிபன் டப்பாக்கள் காலியாக ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த அன்று, அவர் ஒரு காகிதத்தில் மூளையை வரைந்து, அடிப்பக்கத்தில் சின்னதாக வட்டம் போட்டார். வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்று சொல்லும் இடமாம் அது.

"எல்லா ஜீனும் அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு வரும் சார். சில ஜீன்ல மட்டும் அம்மாவோடது சீல் வெச்ச மாதிரி மூடியே இருக்கும். அப்பாவோடதுதான் வேலை செய்யும். இந்த எடத்துல அந்த மாதிரி ஜீனுங்களுக்கு நிறைய வேலை. பாப்பாவுக்கு அப்பாகிட்டருந்து வந்ததுல அந்த ஜீனுங்க இருக்கற துண்டே இல்ல."

"எங்கிட்டருந்தா?"

"யார் தப்பும் இல்ல சார். தானா நடக்கறது."

தப்பில்லையாம். மூன்று வருடமாக ஒவ்வொரு வேளையும் மனைவியைக் குற்றம் சொன்ன வாய் இது. திரும்பும்போது ஆட்டோவில் அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கோரமங்களா சிக்னலில் வண்டி நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்போ அன்னிக்குப் படியில அவளுக்கு நெஜமாவே பசிச்சிருக்குங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. சமையலறைக்கும் ஃபிரிட்ஜுக்கும் பூட்டு, சாவி என்னிடம். விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். அளந்து வைத்ததைச் சாப்பிட்டு முடித்ததும் அவள் அந்தக் கதவோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். பெற்ற பிள்ளையிடமிருந்து சோற்றைப் பூட்டி வைக்கிற தகப்பன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டில் கொஞ்சம் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா வெச்சுட்டே?"

"வயிறு நெறைஞ்சிடுச்சும்மா."

"நெறைஞ்சா எப்படிப்பா இருக்கும்?"