கத்திரியக்காவும் மூன்று அக்காக்களும்

"கொஞ்சம் தள்ளி உக்காரு... ம், இன்னும் கொஞ்சம்" என்று கணினித் திரையிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் கத்திரியக்கா. திரையில் நீலப் பட்டையாகக் கிடப்பது ஒரு கிதார் துண்டு. மவுஸால் அதை நகக்கண் அளவு நகர்த்துவார், கண்ணை மூடுவார், ஸ்பேஸ் பாரைத் தட்டிக் கேட்பார். தாளத்தோடு சேர்ந்துவிட்டால் "சமத்து!" சேராவிட்டால் அந்தக் கிதாரின் பரம்பரையையே இழுப்பார்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் பின்னறையில் பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. பாடகர்கள் துண்டு துண்டாகப் பாடிவிட்டுப் போவதை வெட்டி, ஒட்டி, அடுக்கி முழுப் பாட்டாக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் கண்டால் அவருக்கு ஆகாது. கை தன்னால் வெட்டிவிடும். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். துண்டுகளுக்கு அவர் வைக்கும் பெயர்களோ 'தொண்டை கட்டினவர்', 'அழுமூஞ்சி இரண்டு', 'இதுவும் தேறாது'. எட்டிப் பார்த்த பாடகர்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதும் உண்டு.

இந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் சொந்த வேலை. அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. "முழுசா அடைக்கிறதுக்குள்ள உங்க நாலு பேரு பாட்ட ஒரு தடவ கேட்டுடணும்டி" என்றாள் போனில்.

"நாலு பேரா? எனக்குத்தான் பாட்டே வராதேம்மா. மூணுன்னு சொல்லு."

மழை விடுமுறைகளில் ஒரே கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து அக்காக்களே கட்டிய பாட்டு அது. அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்பாள். அந்த மத்தியானங்கள் இனி எங்கே வரப்போகின்றன! கல்யாணப் பத்திரிகை ஒன்றில் பெயர் விட்டுப்போனதிலிருந்து பெரியக்காவும் நடு அக்காவும் பேசி ஆறு வருடமாகிறது. அம்மாவுக்காகத் தனித்தனியே போனில் பாடி அனுப்பினார்கள். "என் குரல அவ குரல் பக்கத்துல வைக்காதே, சொல்லிட்டேன்!" என்று இருவரிடமிருந்தும் ஒரே கட்டளை வேறு. அதனால் திரையில் மேலே பெரியக்கா, கீழே நடு அக்கா, இடையில் மத்தியஸ்தத்துக்குச் சின்னக்கா. "கேக்கும்போது எல்லாம் ஒண்ணாத்தானே வரும்" என்று தனக்குள் சிரித்துக்கொண்டார் கத்திரியக்கா.

பெரியக்காவின் குரலை முதலில் எடுத்தார். இரண்டாம் அடி முடிந்ததும் ஒரு வெற்றிடம். "வயசாச்சு, வரி மறந்துட்டா" என்று முணுமுணுத்து வெட்டி ஒட்டினார். நடு அக்காவின் துண்டிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் ஒன்று. "இவளுமா?" சந்தேகப்பட்டுச் சின்னக்காவைத் திறந்தார். அங்கும் இருந்தது.

மவுஸ் பிடித்த கை அப்படியே நின்றது. பாட வராத கடைக்குட்டி தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அழுது ஊரைக் கூட்டியபோது, "சரி, அழாத. இந்த எடத்துல நீ கையால ரெண்டு தட்டு தட்டு" என்று பெரியக்கா ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. தட்டி முடிக்கும்வரை மூவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து, ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு போன் முன்னால், மூன்று பேரும் அந்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அதையா வெட்டினோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது.

வெட்டியதைப் பழையபடி மீட்டார். நான்காவதாக ஒரு வரிசை திறந்து 'கடைக்குட்டி' என்று பெயரிட்டார். மைக்கை அருகே இழுத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினார். காதில் மூன்று அக்காக்களும் ஒன்றாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் அடி முடிந்தது. கத்திரியக்கா இரண்டு தட்டு தட்டினார்.