மூன்றாவது தேர்வாளர்

கனடாவின் மொன்றியல் நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பெடுக்க வேண்டுமானால் ஆங்கிலம் பேசும் தேர்வில் தேற வேண்டும். என் யாழ்ப்பாண உச்சரிப்பு விளங்கவில்லை என்று முதல்முறை என்னையே பெயிலாக்கினார்கள். அடுத்த ஆண்டு தேறினேன். பிறகு மாணவர் சார்பில் தேர்வாளர் மூவரில் ஒருவனானேன்.

ஒரு நாள், மதுரையிலிருந்து வந்த கவிதா தேர்வுக்காக எங்கள் முன் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினாள். ஒரு பேராசிரியர் தேறினாள் என்றார், மற்றவர் இல்லை என்றார். "உனக்கு விளங்கியதா?" என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியிருந்தது. அப்படிச் சொன்னால், இவனும் தமிழன், விளங்கத்தானே செய்யும் என்று நினைப்பார்களே!

"பாதிதான் விளங்கியது" என்றேன். நடுநிலையானவன் என்று, இல்லை என்ற பேராசிரியர் என் முதுகில் தட்டினார்.

கவிதாவுக்குக் கிடைக்கவிருந்த வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. மறுநாள் பார்க் மெட்ரோ நிலைய வாசலில் கண் வீங்கி நின்றாள்.

"அண்ணா, நீங்க ஒருத்தராவது எனக்குப் பாஸ் போட்டிருப்பீங்க. எனக்கு அது போதும்ணா."

"ஓம், நான் போட்டனான்" என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. அப்படிப் பேசியதற்கு எந்தத் தேர்வாளரும் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்.