கரையாமல் நின்ற கட்டி

இதை எழுத வேண்டும் என்று பல வருசமாக நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். பொம்பளைங்க சமாச்சாரம், நாலு பேர் படிப்பார்களே என்று கூச்சம். இனியும் மறைத்தால் முருகனுக்கு நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

1978, தை மாசம். நாங்கள் திருநகரில் இருந்தோம். வீட்டுக்காரருக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை. கல்யாணமாகிப் பல வருசம், பிள்ளை இல்லை. ஒருநாள் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சினைப்பையில கட்டி. ஆபரேஷன் பண்ணணும்" என்றார். மாசாமாசம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். என்னை முந்திக்கொண்டு என் மாமியார், "போன மாசங்கூட ஒதுங்கித்தானே உக்காந்திருந்தா" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

கட்டியோடு சினைப்பையும் போனால் பிள்ளைக்கு எங்கே போவேன்? திருப்பரங்குன்றத்தில் விழுந்து அழுதேன். "முருகா, ஆபரேஷனுக்கு முன்னாடி இந்தக் கட்டியைக் கரைச்சிரு."

ஆபரேஷன் அன்று காலையில் டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கட்டி அப்படியே இருந்தது. இம்புட்டு அழுதேனே, உனக்குக் காது கேக்கலையா என்று மனசுக்குள் முருகனோடு சண்டை போட்டேன்.

டாக்டரம்மாவுக்கு என்ன தோன்றியதோ, அத்தையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார். "போன மாசம் எப்படிப் பட்டுச்சு?"

"லேசாத்தாம்மா. பொட்டு மாதிரி."

"அதுக்கா ஒதுங்கி உக்காந்த?"

"பட்டாலே உக்காந்துரணும்மா, எங்க வீட்டுல."

"நல்லா உக்காந்த, போ!" தலையில் அடித்துக்கொண்டு சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். நான் முழுகாமல் இருந்தேன்!

அவர் விளக்கினார். கரு தங்கிய புதிதில் சிலருக்கு இப்படி லேசாகப் படுமாம், அது மாசாமாசம் வருவது இல்லையாம். மாசாமாசம் சினைமுட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சளாக ஒரு திரட்சி உண்டாகுமாம். கரு தங்காவிட்டால் சுருங்கிவிடுமாம். தங்கினால், நஞ்சுக்கொடி வளர்ந்து பொறுப்பேற்கும்வரை கருவைக் காக்கும் சுரப்பை அதுதான் தருமாம். "ஒனக்கு அதுதான் நீர் கோத்து வீங்கியிருக்கும். எடுத்திருந்தா பிள்ளை தங்கியிருக்காது. பொறுத்துப் பாப்போம்."

வாசலில் அத்தை, "கட்டிய எடுத்தாச்சாடி?" என்றார்.

"இல்லத்தே. அது உங்க பேரனுக்குக் காவல் நிக்குது!"

நாலாம் மாசம் பார்த்தபோது கட்டி இல்லை. வேலை முடிந்ததும் தானாகவே கரைந்திருந்தது. ஆவணியில் பிறந்தது பேரன் இல்லை, பேத்தி. வள்ளி என்று பேர் வைத்தோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

நான் கேட்ட அன்றே முருகன் கரைத்திருந்தால் என் வள்ளி ஏது? அன்றிலிருந்து, இதைக் கொடு, இப்பவே கொடு என்று நான் கேட்பதில்லை. விளக்கேற்றி, "நீ பார்த்துக்க" என்று மட்டும் சொல்கிறேன். நீங்களும் அவனை நம்புங்கள். டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். இதைப் படித்தவர்கள், பிள்ளைக்காக ஏங்குகிற ஒருத்திக்காவது சொல்லுங்கள். அற்புதம் பெரிசாகத் தெரியட்டும் என்று ஒன்றும் கூட்ட வேண்டாம், வெட்கப்பட்டு ஒன்றும் குறைக்கவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.