அலிகோட்டேயும் ஊர் வாயும்

எண்பதுகளின் கடைசியில் வால்தம்ஸ்டோவில் நாங்கள் பாலும் பாணும்கூட விற்கிற ஒரு மதுக்கடை நடத்தினோம். பியரும் விஸ்கியும் என் கணவர் பொறுப்பு, வைன் என் பொறுப்பு. ஒருநாள் கம்பனி விற்பனையாளர் ருசி பார்க்க ஒரு போத்தல் தந்துவிட்டுப் போனார். அலிகோட்டே என்ற வெள்ளைத் திராட்சையாம். பிரான்சில் பேர்போன ஷார்டனேத் திராட்சைக்குப் பக்கத்துக் காணியில் விளைந்தும் பெயரெடுக்காத ஒன்று. முதல் வாயிலேயே பல் கூசியது. அந்தப் புளிப்பை மறைக்க அங்கே இனிப்பு மதுவைக் கலந்து குடிப்பார்களாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கணவாய் பொரியல் கொண்டுபோயிருந்தேன். அதன் உறைப்பு நாக்கில் இருக்கும்போதே இன்னொரு வாய் வைத்துப் பார்த்து, வைன் ருசி பார்ப்பவர்கள் செய்வதுபோல வாளியில் துப்பினேன். தேசிக்காய் பிழியத் தேவையே இல்லை! இதற்குப் போய் இனிப்பைக் கலக்கிறார்களே, மடையர்கள். அன்றே ஒரு பெட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

பால் வாங்க வந்த எங்கள் ஆட்களில் ஒரு அம்மா நான் ருசி பார்த்ததைப் பார்த்திருக்கிறா. கிழமை முடியமுன் நகரின் மறுபக்கத்து ஹரோ வரை கதை போய்விட்டது. கடைக்காரரின் மனைவி பட்டப்பகலில் போத்தலும் கையுமாம். வாளியைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோர்டனில் கணவரின் தமையன் வீட்டில் விருந்து. அவர் விஸ்கியும் கையுமாகச் சோபாவில் சாய்ந்துகொண்டு தம்பிக்குப் புத்தி சொன்னார்.

"பொம்பிளை குடிக்கிற வீட்டை ஆர் மதிப்பினம்? இவவைக் கடையில விடாதை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ருசி பார்த்துத் துப்புறன். நீங்கள் விழுங்குறியள்," என்றேன்.

என் கணவரோ வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல இருந்தார். திரும்பி வரும்போது, கதை அடங்கும்வரை கடைப்பக்கம் வரவேண்டாம் என்றார். அவர்கள் விழுங்கினால் கொண்டாட்டம், நான் துப்பினால் குடிகாரி. என்ன நியாயம் இது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் கணவர் கடையிலிருந்து போன் எடுத்தார். அந்தப் புளிப்பு வைன் கேட்டு ஒருவர் நிற்கிறாராம், முடிந்துபோய்விட்டதாம், அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்று கேட்டார். உங்கட அண்ணையைக் கேளுங்கோ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுபடியும் மணி அடித்தது.

"நீர் கடைக்கு வாரும்."

"ஆர் என்ன கதைச்சாலும்?"

 "ஓம்," என்றார்.

கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். ஆனால் அந்த ஓமை எனக்குப் போனில் சொல்லி என்ன? தமையனுக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டும்.