குளிர் தேசத்துப் பிள்ளை

முல்லைத்தீவுப் பக்கமிருந்து படகேறி வந்த ராசம்மாளுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கத்து அகதி முகாம்தான் வீடு. கணவர் முகாமிலேயே இறந்துபோனார். மகள் கல்யாணமாகித் திருச்சிக்குப் போனாள். ராசம்மாள் கரும்புக் கொல்லைகளில் காய்ந்த சோகை இலை உரித்துப் பிழைத்தாள்.

மகன் காண்டீபன் மட்டும் அன்றைக்குப் படகேறவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன் என்று பெரியம்மா அமராவதியோடு தங்கிவிட்டான். பிறகு சண்டை முற்றியது. எல்லாம் ஓய்ந்தபின் அக்கா அமராவதி போனில் சொன்னாள்:

"அவன் கப்பலேறிப் பிரான்சுக்குப் போயிட்டான். விசா இல்லை. அங்க இங்க போன் எடுத்தா பிடிச்சிடுவாங்களாம்."

ராசம்மாள் நம்பினாள். வருடக்கணக்காக, அக்கா வழியாக வந்த நலம் விசாரிப்புகளையும் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

சனிக்கிழமைகளில் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மாலதி வருவாள். முகாமில் வயதானவர்களுக்கு இன்டர்நெட் பழக்குவது அவள் வேலை. பால்வாடியின் சின்ன நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். முதலில் வீடியோ கால். அடுத்த வாரம் தேடுவது.

"டைப் பண்ண வரலன்னா வுடுங்கம்மா. இந்த மைக்க அமுக்கிட்டு வாயால சொல்லுங்க, அதுவே தேடிக் குடுக்கும்" என்றாள் மாலதி.

ராசம்மாள் மகனின் பெயரையும் ஊரையும் சொன்னாள்.

ஒரு வீடியோ வந்தது. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களை ஏந்தி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அமராவதி. அக்கா இவ்வளவு கிழடாகிவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அவள் மடியிலிருந்த படத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையும் அரும்பு மீசையுமாகக் காண்டீபன்.

"அவனை ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவங்கள். என்ர கண்ணாலதான் பாத்தனான். அதுக்குப் பிறகு காணேல்லை" என்று மைக் நீட்டியவரிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலதி பதறிப்போய்ப் போனை வாங்கப் பார்த்தாள். "நெட்டுல வர்றதெல்லாம் நெசம் இல்லம்மா."

"அது என்ர அக்கா, பிள்ளை."

முந்தின வாரம் மகளிடம் பேசிப் பழகிய வீடியோ காலை ராசம்மாள் தானே போட்டாள். அமராவதி அடுப்படியில் இருந்தாள்.

"காண்டீபன் என்னவாம், அக்கா?"

அமராவதியின் கண் வேறெங்கோ போனது. "சுகமா இருக்கிறானாம். அங்க சரியான குளிராம்."

வீடியோவைப் பற்றிக் கேட்டுவிட நினைத்தாள் ராசம்மாள். ஆனால், இத்தனை காலம் தன் பிள்ளைக்காக ரோட்டோரம் உட்கார்ந்தவளிடம் அதைக் கேட்க வாய் எழவில்லை.

"நல்லாப் போர்த்துக்கொண்டு படுக்கச் சொல்லக்கா" என்றாள்.

"ஓம்... சொல்லுறன்."

போனை அணைத்த பிறகுதான் அழுதாள். மாலதி ஊர் திரும்பும் சிதம்பரம் பஸ்ஸை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் ராசம்மாள் வந்தாள்.

"தேடுறது வேண்டாம், பிள்ளை. வேற ஏதாவது சொல்லித் தாங்கோ."

மாலதி கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக் கற்றுக்கொடுத்தாள். ராசம்மாள் தப்பும் தவறுமாக அமுக்கி, கடைசியில் சரியாகப் பதிவு செய்தாள்.