சௌந்திரத்துக்குப் போட்ட இலை

எங்கள் மில்லில் பேய் இருக்கிறதாம். ஊர் உலகமெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி வருகிறது. அந்தப் பேய் என் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது. காலையில் நான் போட்டுக் கொடுக்கிற காபியைத்தான் குடிக்கிறது. சர்க்கரை கூடிப்போனால், "இதென்ன காபியா, பாயசமா?" என்று என்னைத் திட்டுகிறது. பேர் சௌந்திரம்.

ராசிபுரத்தில் டவுன் பஸ் ஏறி மில் ஸ்டாப் என்று கேட்டால் இன்றைக்கும் இறக்கிவிடுவார்கள். மில்தான் இல்லை. மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடங்கள் மட்டும் கோர்ட் கேஸில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. சங்கு ஊதின கோபுரத்தில் அரசமரம் முளைத்திருக்கிறது. கேன்டீன் கூரை உள்ளே விழுந்து கிடக்கிறது. மருந்து கொடுக்கிற அறையில் கதவை நிலையோடு பெயர்த்து எவனோ கொண்டுபோய்விட்டான். லைன் வீடுகளில், போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள் மட்டும் இருக்கிறோம். நானும் சௌந்திரமும் அதில் சேர்த்தி.

சௌந்திரம் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில் வேலை பார்த்தவள். நூல் அறுந்தால் ஒட்டி, மெஷின் நீளத்துக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நானும் அதே ஷிப்ட். அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். கொண்டை போட்டுத் துணி கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அன்றைக்கும் கட்டித்தான் இருந்தாள். குனிந்தபோது துணி நழுவி, பின்னல் அவிழ்ந்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முடி மட்டும் போகவில்லை, தோலோடு போனது. ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். தொடையில் தோல் எடுத்துத் தலையில் வைத்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தலையில் துணி, படுக்கும்போதும் துணி. பக்கத்து வீட்டுக்காரி நானே அதை அவிழ்த்துப் பார்த்ததில்லை.

ஆக, மெஷின் அவளைக் கொல்லவில்லை. அந்த வேலையைச் செய்தவன் அவள் தம்பி கந்தவேல்.

அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் இவள்தான். இவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவனுக்கு மேச்சேரிப் பக்கம் ஒரு சம்பந்தம் வந்தது. நிலம், ஆட்டு மந்தை என்று வசதியான குடும்பம், ஒரே பெண். வீட்டோடு மாப்பிள்ளை கேட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்றும் கேட்டிருக்கிறார்கள். மொட்டைத் தலையோடு, காலம் பூராவும் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னால் இடம் நழுவிவிடும் என்று கணக்குப் போட்டான். "ஒரு அக்கா இருந்துச்சுங்க. மில்லுல மாட்டிச் செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டான். விஷயம் தெரிந்த உறவு உறம்பரை ஒன்றிரண்டு பேர், ஒரு நல்ல காரியம் நின்றுபோக வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். தூ! கோயிலில் தாலி கட்டிவிட்டுப் போனவன்தான். அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இந்தச் சேதியை ஒரு உறவுக்காரி வந்து சொன்னபோது சௌந்திரம் அழவில்லை. "கருமாதியும் பண்ணிப்போட்டானாமா?" என்றுதான் கேட்டாள். வீறாப்பு அவ்வளவு. ஆனால் எனக்குத் தெரியும். அவன் பணத்தை அவள் கேட்கவில்லை, அவன் வீட்டில் இடமும் கேட்கவில்லை. ஒருநாள் அவன் எதிரில் வந்து நின்று, தன் பெண்டாட்டி பிள்ளை காதில் விழ, 'அக்கா' என்று கூப்பிட வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது வராத எரிச்சலை எல்லாம் ஊர்மேல் கொட்டினாள். இப்போது மத்தியானத்துக்கு மேல் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறாள், நானும் கூடத்தான். பண்ணை சூப்பர்வைசரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்குவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சேலத்திலிருந்து தனுஷ் என்று ஒரு பையன் கேமராவோடு வந்தான். பாழடைந்த கட்டடங்களாகத் தேடித்தேடி உள்ளே நுழைந்து படம் பிடித்துப் போடுவது அவன் பிழைப்பு. எங்களுக்கு அது பாழடைந்த இடம் இல்லை, துணி காயப்போடுகிற இடம். என் சேலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இங்கே ஒரு மர்மம் இருக்கு நண்பர்களே" என்று பேசிக்கொண்டே போனான். ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிறவன் இந்த ஊருக்கே புதுசு. அவனிடம் போய்க் கதை கேட்டிருக்கிறான். அவனும் தன் பங்குக்கு, முடி மாட்டி ஒரு பெண் செத்தது, அவள் இன்னும் சீப்பு கேட்டு அலைகிறாள் என்று அளந்துவிட்டான்.

அடுத்த தடவை தனுஷ் வந்தபோது சௌந்திரம் விளக்குமாற்றோடு வழிமறித்தாள்.

"டேய், முடி மாட்டினது நாந்தாண்டா. நல்லாப் பாரு. செத்தவ மாதிரியா இருக்கறேன்?"

அவன் கொஞ்சம் திடுக்கிட்டான். பிறகு சிரித்தான். "அம்மா, நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். அந்தப் பொண்ணு உசுரோட இருக்குன்னு போட்டா எவன் பாப்பான்?"

"அதுக்கு? உனக்காவ நான் சாகோணுமா?"

"சாக வேண்டாம்மா. கம்முனு இருங்க, அது போதும்."

விளக்குமாறு பறந்தது. குறி தப்பிவிட்டது என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

அந்தப் பேய்க்கு அதுவரை பேர் கிடையாது. பேர் வைத்தது மேச்சேரிக்காரன் ஒருவன். தனுஷ் போட்ட வீடியோவுக்குக் கீழே, 'இது எங்க ஊரு கந்தவேல் அண்ணனோட அக்காங்க, பேரு சௌந்திரம்' என்று எழுதினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கந்தவேல் சொன்னதை அந்த ஊரே நம்பியிருக்கிறது. அவ்வளவுதான், 'சௌந்திரத்தின் ஆவி' என்று அடுத்த வீடியோ வந்துவிட்டது.

பிறகு கூட்டம் வந்தது. ரிங் ஃப்ரேம் ஹாலில் சீப்பு, வளையல், ரிப்பன், கனகாம்பரம் என்று வைத்துவிட்டுப் போனார்கள். ஆறாத நோய், அமையாத வரன் என்று ஆளுக்கொரு வேண்டுதல். உயிரோடு இருக்கிறவள் பேரைச் சொல்லி இப்படிச் செய்தால் ஆயுசுக்கு ஆகாது என்று நான் புலம்பினேன். சௌந்திரம் அலட்டிக்கொள்ளவில்லை. பண்ணைக்குப் போகும் வழியில் உள்ளே போய், வைத்த எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஊறுகாய் போட்டாள்.

"ஏ மலரு, எனக்குன்னு வெச்சது. நான் திங்காம எவ திம்பா?" என்று எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாள். நான் வாங்கி வைத்தேன். தொட்டுக்கொள்ளத்தான் தைரியம் வரவில்லை.

ஆடி அமாவாசை அன்று மதியம் கார் ஒன்று வந்து மில் கேட்டில் நின்றது. முன்னால் தனுஷ் வழிகாட்ட, பாத்திரம் பண்டங்களோடு ஒரு குடும்பம் உள்ளே போனது. குழாயடியில் நின்ற நான் சௌந்திரத்திடம் சொன்னேன். இன்றைக்கு ஒருத்தர் விடாமல் விரட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று விளக்குமாற்றை எடுத்தாள். நானும் கூடப் போனேன்.

அந்த ஹாலுக்குள் நான் போய் ரொம்ப நாளாகிவிட்டது. மெஷின் நின்ற இடங்களில் துருப்பிடித்த போல்ட்டுகள் மட்டும் தரையில் முளைவிட்டதுபோல நின்றன. சுவர் மூலைகளில் பஞ்சுத்தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கூரைக் கண்ணாடி உடைந்த வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. சௌந்திரத்தின் மெஷின் இருந்த இடத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, தலைவாழை இலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தட்டில் பட்டுச்சேலை, பூ, வளையல். ஓர் அம்மாள் பரிமாறிக்கொண்டிருந்தாள். கல்யாண வயதில் ஒரு பெண் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். இலைக்கு அந்தப்புறம் கைகட்டி நின்ற ஆளை நான் அடையாளம் கண்டுகொள்வதற்குள் சௌந்திரம் கண்டுகொண்டாள். விளக்குமாறு கீழே இறங்கியது.

கந்தவேல். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. மற்றபடி அதே ஆள்தான்.

"ஏனுங்க, இந்த எலை யாருக்குங்க?" என்று சௌந்திரம் கேட்டாள். அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். அவ்வளவு தணிந்த குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

பதில் சொன்னது அந்த அம்மாள். அவள்தான் அவன் பெண்டாட்டி பெரியநாயகி. பாவம், வெள்ளந்தி. "எங்க நங்கைக்குங்க. இவியளோட அக்கா. எம்புள்ள தீபிகாவுக்கு வர்ற வரனெல்லாம் தட்டிக்கிட்டே போகுதுங்க. குடும்பத்துல ஒரு பொம்பளையோட மனசு ஆறாம கெடக்குது, அதைக் குளுர வெக்கோணும்னு ஜோசியரு சொன்னாருங்க. இவிய வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்."

"அவிய எப்படிங்க செத்தாங்க?"

"இதே எடத்துலதானுங்க, மெசின்ல மாட்டி. இவிய மடியிலதான் உசுரு போச்சாமா. இன்னிக்கும் அதைப் பேசுனா அழுவாங்க."

சௌந்திரம் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படீங்களா? மடியிலயே போச்சுங்களா?"

அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கத்தினேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

"நீங்க யாருங்க? பூசை நடக்கற எடத்துல நிக்காதீங்க. சித்த அக்கட்டால போங்க" என்றான்.

இடுப்பில் தூக்கி வளர்த்தவளை நீங்க என்றான். பாவி.

சௌந்திரம் போகவில்லை. விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பெரியநாயகி பதறிப்போனாள். "ஐயோ, எந்திரிங்கம்மா! அது செத்தவியளுக்கு வெச்ச எலைங்க."

"தெரியுங் கண்ணு. சௌந்திரத்துக்கு வெச்ச எலை. சௌந்திரந்தான் உக்காந்திருக்கறேன்."

சொல்லிவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்தாள். காதோரம் கொஞ்சம் நரைமுடி. மற்ற இடமெல்லாம் சுருங்கித் தைத்த தோல். இத்தனை வருஷம் என்னிடம்கூடக் காட்டாததை அந்த வெயிலில் எல்லார் முன்னாலும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனுஷ் கேமராவைத் திருப்பினான். நான் விட்ட அறையில் அது போய்ச் சுவரோரம் விழுந்தது. அதில் பதிந்ததை மட்டும் அவன் இன்றுவரை போடவில்லை. உசுரோடு இருக்கிறவளை எவன் பார்ப்பான்?

பெரியநாயகி புருஷனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, யாருப்பா இவங்க?" என்று தீபிகா கேட்டாள். அந்தப் பெண் சௌந்திரத்தையும் அப்பனையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தாய் வைத்த கரண்டியை எடுத்து இலையில் சோறு போட்டாள்.

சௌந்திரம் சாப்பிட்டாள். பண்ணையிலிருந்து வந்து பசியோடு சாப்பிடுகிறவள்போல, பிசைந்து, குழம்பு கேட்டு, ரசம் கேட்டுச் சாப்பிட்டாள். இலையோரத்தில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இருந்தது. அதைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டாள்.

"இது ஆரு செய்யச் சொன்னது?"

"அப்பாதானுங்க. உங்களுக்கு இதுன்னா உசுருன்னு சொன்னாரு" என்றாள் தீபிகா.

சௌந்திரத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்காமலே கச்சாயத்தைக் கடித்து மென்றாள். இனி இவள் இளகிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

மென்று முடித்ததும் தம்பி மகளிடம், "உங்கண்ணாலம் நல்லபடியா நடக்கும் சாமி. எனக்கு உம்மேல ஒரு வருத்தமும் இல்ல" என்றாள். தட்டிலிருந்த பட்டுச்சேலையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "செத்தவளுக்குக் குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகக்கூடாது பாரு."

அப்போதுதான் கந்தவேல் வாயைத் திறந்தான். மறைக்க இனி எதுவும் மிச்சமில்லை என்று ஆன பிறகு, இலைக்கு அந்தப்புறம் மண்டியிட்டு, "அக்கா" என்றான். பெண்டாட்டி காதில் விழுந்தது, பிள்ளை காதிலும் விழுந்தது. இவள் கேட்கக் காத்திருந்த அதே வார்த்தை.

சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கமாக மடிப்போம், உறவு நிலைக்க வேண்டும் என்று. எழவு வீட்டில் மட்டும் எதிர்ப்பக்கம் மடிப்போம்.

சௌந்திரம் இலையின் இந்தப்புறத்து விளிம்பைப் பிடித்து, அவன் இருந்த பக்கமாக மடித்தாள். மேலே கையால் அழுத்தியும் விட்டாள். பெரியநாயகி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

சௌந்திரம் எழுந்து செம்புத் தண்ணீரில் கை கழுவினாள். தலைத்துணியைக் கட்டவில்லை, சேலையோடு சேர்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வாடி மலரு, பண்ணைக்கு நேரமாச்சு" என்றாள்.